நோயுற்ற குழந்தையும் இலக்கியத்தின் வினாவும்

பாடசாலை மாணவருக்கான சிறுகதைப் போட்டியொன்றில் நடுவர்களுள் ஒருவனாக இருக்கும் பொறுப்பு அண்மையில் எனக்கு வாய்த்தது. தீவகத்துப் பாடசாலைகள் சிலவற்றிலிருந்து வந்த நாற்பதுக்கு மேற்பட்ட கதைகளைப் படித்தோம். அவற்றுள் ஒன்பது கதைகளிலே ஒரு குழந்தை புற்றுநோயால் இறக்கிறது. ஒன்பதிலும் தாய் கோயில் வாசலில் விழுந்து அழுகிறாள். தந்தை தோணியையோ நகையையோ விற்கிறான். மகரகம வைத்தியசாலையின் நீண்ட விறாந்தையிலே குழந்தை கடைசி முறையாகச் சிரிக்கிறது. 'விதி' என்ற சொல்லை அவ்வொன்பது கதைகளிலும் சந்தித்தோம். 'ஏன்' என்ற சொல்லையும் சந்தித்தோம். ஆனால் அது இறைவனை நோக்கி எழுப்பப்பட்ட 'ஏன்' ஆகவே இருந்தது.

பத்தாவது கதையொன்றும் உண்டு. அதன் களம் நெடுந்தீவு. மகளுக்கு வெண்குருதிப் புற்றுநோய் என்று அறிந்த தாய், தன் வீட்டுக் கிணற்று நீரை ஒரு பழைய சோடாப் போத்தலில் நிரப்பி, மாவிலித்துறையில் வள்ளமேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பேருந்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்கிறாள். "டொக்டர் ஐயா, இந்தத் தண்ணியையும் ஒருக்காப் பாருங்கோ" என்று மேசைமீது வைக்கிறாள். வைத்தியர் போத்தலை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்கிறார். பின்னர் மேசையில் வைக்கிறார். கதை அவ்விடத்தில் நின்றுவிடுகிறது. 'முடிவில்லாத கதை' என்று நடுவர்கள் கருதினோம். ஆறுதற் பரிசு கொடுத்து ஒதுக்கினோம். அத்தீர்ப்பின் கீழே எனது கையொப்பமும் இருக்கிறது. அத்தீர்ப்பை மீள ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழந்தையின் நோய் நமது கதைகளிலும் திரைப்படங்களிலும் நீண்ட காலமாகக் கண்ணீரை வருவிக்கும் கருவியாக மட்டுமே பயன்பட்டு வந்துள்ளது. வறுமையைப் பற்றி எழுதும்போது அதன் காரணத்தை ஆராய வேண்டும் என்று வாதாடி வெற்றி கண்ட முற்போக்கு எழுத்தாளரும், நோயைப் பற்றி எழுதும்போது பழைய இரக்கவாதத்துக்கே திரும்பிவிடுகின்றனர். நோய் இயற்கையின்பாற்பட்டது, வறுமை சமுதாயத்தின்பாற்பட்டது என்ற பிரிவினை நம் மனத்தில் ஆழப் பதிந்திருப்பதே இதன் காரணம் எனலாம். இப்பிரிவினை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வரலாற்றைக் கொண்டு நோக்குவோம்.

சூழலிலுள்ள பொருளொன்று புற்றுநோயை உண்டாக்கும் என்பதை முதன்முதலில் தெளிவாக எடுத்துக் கூறியவர் இலண்டன் நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் பேர்சிவல் பொட். ஆண்டு 1775. அவர் கண்ட நோயாளிகள் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர். வறிய பெற்றோரால் விற்கப்பட்ட சிறுவர்கள், ஒடுங்கிய புகைபோக்கிகளினுள் ஏறிக் கரி சுரண்டினர். உடலின் மடிப்புகளில் அக்கரி ஆண்டுக்கணக்கில் தங்கியது. பருவமெய்திய பின்னர் விதைப்பையின் தோலிலே புற்று தோன்றியது. இரசாயனப் பொருளுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பின் வரலாறே குழந்தை உழைப்பின் வரலாற்றோடு தொடங்குகிறது என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

அச்சிறுவர்களைக் கவிஞன் வில்லியம் பிளேக்கும் கண்டான். 1789இல் ஒரு கவிதையும், 1794இல் அதே தலைப்பில் இன்னொரு கவிதையும் எழுதினான். முதற் கவிதையிலே சிறுவனுக்கு வானுலகக் கனவு ஆறுதல் தருகிறது. இரண்டாவது கவிதையிலே அவ்வாறுதல் இல்லை. பெற்றோரையும் குருவையும் அரசனையும் சிறுவனே குற்றஞ்சாட்டுகிறான். இரண்டுக்கும் இடையிலுள்ள ஐந்து ஆண்டுகளில் கவிஞனின் பார்வை இரக்கத்திலிருந்து விசாரணைக்கு நகர்ந்துள்ளது. நமது ஒன்பது கதைகளும் முதற் கவிதையின் எல்லையிலேயே நின்றுவிட்டன.

இவ்வரலாற்றில் இன்னுமொரு பாடம் உண்டு. கரியிலும் தாரிலும் உள்ள எந்தப் பொருள் புற்றை உண்டாக்குகிறது என்பதை இரசாயனவியலாளர் பிரித்தெடுத்தறிந்தது 1930களிலேயாகும். பொட்டின் கூற்றுக்கும் இதற்கும் இடையில் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. ஆனால் நோயைத் தடுப்பதற்கு அக்கண்டுபிடிப்பு தேவைப்படவில்லை. சிறுவரைப் புகைபோக்கியில் ஏற்றாதிருத்தலும், ஏறியவர் நாள்தோறும் உடலைக் கழுவுதலும் போதுமாயிருந்தன. இங்கிலாந்தில் 1788இல் இயற்றப்பட்ட சட்டம் ஏட்டோடு நின்றது. அவ்வழக்கம் ஒழிவதற்கு 1875ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. விஞ்ஞானம் தெளிவடையாமையால் நேர்ந்த தாமதம் அன்று அது. வீட்டுக்காரரின் வசதியும் முதலாளியின் இலாபமும் சேர்ந்து ஏற்படுத்திய தாமதமே அது.

நமது காலத்தில் இவ்விடயத்தை இலக்கியத் தகுதியுடன் எழுதியவர்களுள் முதல் வைத்து எண்ணத்தக்கவர் றேச்சல் கார்சன். 1962இல் வெளிவந்த அவரது நூல் 'மௌன வசந்தம்' என்ற பெயரில் தமிழிலும் அறியப்பட்டுள்ளது. பறவைகள் ஒழிந்து, குழந்தைகள் விளையாட்டினிடையே நோயுற்று விழும் ஓர் ஊரைக் காட்டும் கட்டுக்கதையோடு அந்நூல் தொடங்குகிறது. அவ்வூர் எங்கும் இல்லை. அங்கு நிகழ்வன யாவும் வெவ்வேறு ஊர்களில் நிகழ்ந்தவை என்று ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார். இரசாயன நிறுவனங்கள் அவரைத் தாக்குவதற்கு அப்பகுதியையே முதலில் எடுத்துக்கொண்டன. நூலின் பிற்பகுதிகளிலுள்ள சான்றுகளைத் தொட இயலாதவர், முகப்பிலுள்ள கற்பனையைத் தொட்டனர். சான்றும் கற்பனையும் ஒரே நூலில் அமையும்போது, எதிரி கற்பனையின் வாயிலாகவே நுழைவான் என்பதை எழுத்தாளர் உணரவேண்டும்.

கார்சனையும் நாம் விமர்சனமின்றி ஏற்றல் ஆகாது. அமெரிக்கப் பள்ளிச் சிறுவரைக் கொல்லும் நோய்களுள் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது என்பதை அவர் பெரிய எச்சரிக்கையாகக் கூறுகிறார். அக்கூற்று உண்மை, ஆயினும் தொண்டைக் கரப்பான் முதலிய தொற்றுநோய்கள் தடுப்பூசியாலும் மருந்தாலும் பின்வாங்கியபோது, எஞ்சிய நோய் முன்னிலைக்கு வருதல் இயல்பே. இவ்வேறுபாட்டை அவர் போதிய அளவு விளக்கவில்லை. இரசாயனப் பொருள் யாவும் பகை என்று அவர் கூறவில்லை என்பதையும் மறத்தல் கூடாது. நமது நாட்டிலே 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்தது. டி.டி.டி. தெளிக்கப்பட்ட பின்னர், 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் தொகை இருபதுக்கும் குறைவு. தெளித்தலைக் கைவிட்டபின், 1968-69இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். அதே டி.டி.டி.யை 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் மனிதரில் பெரும்பாலும் புற்றை உண்டாக்கத்தக்கது என்று வகைப்படுத்தியது. இரண்டும் உண்மை. ஓர் உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பவன் எப்பக்கத்தில் நின்றாலும் பிரசாரகனேயாவான்.

நோயுற்ற குழந்தையைக் காப்பாற்றுவதும் இரசாயனமே. 1948இல் போஸ்ரன் நகரத்தில் சிட்னி பார்பர், வெண்குருதிப் புற்றுநோயுற்ற சிறுவரில் தற்காலிகமாகவேனும் நோயைத் தணித்துக் காட்டிய மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழுவிலிருந்து வந்தது. நமது மணற்பாங்கான வளவுகளிலும் சுடலை ஓரங்களிலும் தானாகவே முளைக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்ரின் இன்றும் அக்குழந்தைகளுக்கு ஏற்றப்படுகிறது. ஆகவே, வினா இரசாயனமா இயற்கையா என்பதன்று. எந்தப் பொருளை, எவர் நலனுக்காக, எவர் உடலின்மீது, எவரைக் கேட்டு என்பதே வினா.

இவ்வினாவை மிகுந்த பொறுமையோடு தொடர்ந்த நூல் டான் பேகின் 2013இல் வெளியிட்ட 'ரொம்ஸ் றிவர்'. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்துச் சிற்றூரொன்றிலே 1952இல் சீபா நிறுவனம் சாயத் தொழிற்சாலையைத் திறந்தது. வேலை கிடைத்தது, ஊர் மகிழ்ந்தது, கழிவு மண்ணுக்கும் ஆற்றுக்கும் பின்னர் கடலுக்கும் சென்றது. 1971இல் யூனியன் கார்பைட் நிறுவனத்தின் கழிவு நிறைந்த ஆயிரக்கணக்கான பீப்பாய்கள் அருகிலிருந்த பண்ணையொன்றில் கொட்டப்பட்டன. அந்நஞ்சு குடிநீர்க் கிணறுகளை அடைந்தது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நச்சுவாயுவும் அதே யூனியன் கார்பைட்டைச் சார்ந்த தொழிற்சாலையிலிருந்தே வெளிப்பட்டது என்பதை நாம் அறிவோம். ரொம்ஸ் றிவரில் குழந்தைகளிடையே புற்றுநோய் மிகுந்திருப்பதைப் பெற்றோரும் தாதியரும் எடுத்துக்காட்டினர். ஆண்டுக்கணக்கான ஆய்வின் முடிவில், தாயின் வயிற்றிலிருந்த காலத்தில் அந்நீருக்கும் தொழிற்சாலைக் காற்றுக்கும் உட்பட்ட பெண்குழந்தைகளில் வெண்குருதிப் புற்றுநோய்க்கு ஒரு தொடர்பு தென்பட்டது. ஆண்குழந்தைகளில் அவ்வாறு தென்படவில்லை. 2001இல் நிறுவனங்கள் 69 குடும்பங்களுடன் இணக்கத்துக்கு வந்தன; குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

பேகினின் சிறப்பு யாது? பெற்றோரின் கோபத்தை அவர் மதிக்கிறார். ஆனால் அக்கோபத்தைச் சான்றாக மாற்றிவிடவில்லை. ஆய்வாளர் தயங்கும் இடத்தில் தாமும் தயங்குகிறார். நிச்சயமின்மையையே நூலின் நாடகமாக்குகிறார். உண்மை நிறுவப்படுவது எவ்வளவு கடினம், அக்கடினம் எவருக்கு வசதியாக அமைகிறது என்பதைப் படிப்பவர் தாமே உணர்கின்றனர். முடிவில்லாத கதையும் முழுமையான படைப்பாக இருக்கலாம் என்பதற்கு இந்நூலைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நமக்கு மிக அண்மையில் உள்ளது காசர்கோட்டுத் துயரம். கேரளத்தின் வட எல்லையிலுள்ள முந்திரித் தோட்டங்களின்மீது, மாநில அரசின் தோட்டக் கூட்டுத்தாபனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக, 2000ஆம் ஆண்டு வரையில், எண்டோசல்பான் என்னும் கிருமிநாசினியை வானூர்தியிலிருந்து தெளித்தது. இதனைப் பின்னணியாகக் கொண்டு அம்பிகாசுதன் மாங்காடு 2009இல் மலையாளத்தில் எழுதிய 'என்மகஜே' நாவல் பரவலாகப் பேசப்பட்டது. சமூகத்தை வெறுத்து மலைச்சாரலில் ஒதுங்கி வாழும் ஆணும் பெண்ணும், நோயுற்ற குழந்தையொன்றை எடுத்து வளர்க்க முற்படும்போது, அக்குழந்தையின் வழியாக ஊருக்குள் மீண்டும் இழுத்துவரப்படுகின்றனர். நோயுற்ற குழந்தை இங்கே கண்ணீருக்குரிய பொருளாக நின்றுவிடாமல், ஒதுங்கியவனைப் போராளியாக்கும் விசையாகின்றது. தெய்வசாபம் என்று ஊரார் நம்பியதை வானூர்தியின் நிழலோடு இணைத்துக் காட்டும் பகுதிகள் இந்திய நாவல் இலக்கியத்தில் அரிதாகக் கிடைப்பவை.

ஆயினும் நாவலின் முடிவு நமக்கு உடன்பாடன்று. மாந்தர் இறுதியில் மனித சமூகத்தைத் துறந்து, விலங்குகளோடு குகையினுட் புகுகின்றனர். உணர்ச்சியளவில் இது வலிமை வாய்ந்த காட்சியாக இருக்கலாம். வரலாற்றளவில் இது பின்வாங்கலேயாகும். காசர்கோட்டில் உண்மையாக நிகழ்ந்தது யாது? வேளாண்மைத் துறையில் பணிபுரிந்த லீலாகுமாரி அம்மா 1998இல் நீதிமன்றை நாடினார். கிராமத்து வைத்தியர் மோகன்குமார் தம்மிடம் வந்த நோயாளரைக் குறித்து வைத்தார். பத்திரிகையாளர் சிறீ பத்ரே அதனை வெளியுலகுக்குக் கொண்டுசென்றார். தாய்மார் தம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தனர். 2011இல் இந்திய உயர் நீதிமன்றம் அந்நஞ்சைத் தடைசெய்தது. அதே ஆண்டில் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையிலும் அது சேர்க்கப்பட்டது. 2017இல் ஒவ்வொரு பாதிக்கப்பட்டவருக்கும் ஐந்து இலட்சம் ரூபா கொடுக்குமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. மக்கள் குகைக்குட் செல்லவில்லை, தெருவுக்கு வந்தனர். இவ்விடத்தில் வாழ்க்கை நாவலை விஞ்சிவிட்டது என்றே கூறவேண்டும்.

இன்னுமொன்று. எண்டோசல்பான் நரம்பு மண்டலத்தையும் சுரப்பிகளின் தொழிற்பாட்டையும் தாக்குவது நன்கு அறியப்பட்டது. அது புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குரிய சான்று அவ்வளவு உறுதியானதன்று. காசர்கோட்டில் அரசு தயாரித்த பாதிக்கப்பட்டோர் பட்டியலில் புற்றுநோயாளரும் இடம்பெற்றனர். நிவாரணம் வழங்குவதற்கு அது நியாயமே. நோயாளியின் தலையில் நிரூபிக்கும் சுமையை ஏற்றுதல் கொடுமை. ஆனால் எழுத்தாளன் நிவாரணப் பட்டியலையும் காரணப் பட்டியலையும் ஒன்றாக எண்ணிவிடலாகாது. இலங்கை அந்நஞ்சை 1998இலேயே தடைசெய்தது. நமது வயல்களிலும் தோட்டங்களிலும் அதனைக் குடித்து இறந்தோரின் தொகையே அதற்குக் காரணமாயிற்று. நஞ்சொன்றை விலக்குவதற்குப் புற்றுநோய் என்ற ஒரே வாதம்தான் வேண்டும் என்பதில்லை.

இனி நமது தீவகத்துக்கு வருவோம். ஆறில்லாத நிலம் இது. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. மேலே போடப்படும் பசளையும், அடிக்கப்படும் மருந்தும், மலசலகூடக் குழியின் கசிவும், எரித்த பொலித்தீனின் சாம்பலும் அதே வெடிப்புகளினூடாகவே இறங்குகின்றன. தீவகத்திலே உப்பே கிணற்றின் முதற் பகை. குடாநாட்டின் தோட்ட நிலங்களிலோ நைத்திரேற்று. அங்கு பல கிணறுகளில் அது உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை 1980கள் முதல் ஆய்வாளர் எடுத்துரைத்து வருகின்றனர். அது போத்தற்பால் குடிக்கும் சிசுக்களின் குருதியில் உயிர்வாயு செல்வதைத் தடுக்கும் என்பது உறுதி. உடலினுள் நைத்திரோசோச் சேர்வைகள் தோன்றும் நிலைமைகளில் அது பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கத்தக்கது என்பதும் சர்வதேச முகவர் நிலையத்தின் மதிப்பீடு. வீட்டினுள் பூச்சிகொல்லி பாவிப்பதற்கும் சிறுவரின் வெண்குருதிப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை, 2015இல் பதினாறு ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த கட்டுரையொன்று எடுத்துக்காட்டியது. சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், 2019 ஏப்ரிலில் இலங்கை உயர் நீதிமன்றம் தனியார் நிறுவனமொன்றை இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்குமாறு பணித்தது. அவ்வழக்கு புற்றுநோயைப் பற்றியதன்று, கிணற்றைப் பற்றியது. கிணறே போதுமான வழக்கு என்பதை அத்தீர்ப்பு காட்டிற்று.

"தீவில் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்க்குத் தண்ணீரே காரணம் என்று நிறுவ முடியுமா?" என்று வாசகர் கேட்கலாம். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். உலகளவில் பதினைந்து வயதுக்குட்பட்ட பத்து இலட்சம் சிறுவரில், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 140 பேருக்குப் புற்றுநோய் வருகிறது. சுமார் ஆயிரம் சிறுவர் வாழும் தீவொன்றை எண்ணிக்கொள்வோம். அங்கே ஏழு ஆண்டுகளுக்கு ஒரு குழந்தை நோயுறுதல் எதிர்பார்க்கத்தக்கது. ஒரே பத்தாண்டில் மூன்று குழந்தைகள் நோயுற்றால், அது நஞ்சின் விளைவாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். தொகை சிறிதாகையால் புள்ளிவிவரம் வாய்திறவாது. பெரிய நகரத்துக் குழந்தைக்குக் கிடைக்கும் 'சான்று' என்னும் உரிமை, சிறிய தீவின் குழந்தைக்கு இயல்பாகவே மறுக்கப்பட்டுவிடுகிறது. பெரும்பாலான சிறுவர் புற்றுநோய்களுக்குத் திட்டமான காரணம் இன்னும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே கூறுகிறது. காரணம் அறியப்படவில்லை என்பது வேறு. காரணம் தேடப்பட்டு இல்லையெனக் கண்டது வேறு. கிணறுகள் ஒழுங்காகப் பரிசோதிக்கப்படாத ஊரில் முதலாவதை இரண்டாவதாகக் காட்டுதல் பெரும் ஏமாற்று.

காரணத்தை விட்டுவிட்டாலும் விளைவில் உள்ள அநீதி தெளிவானது. செல்வ நாடுகளில் நோயுறும் குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். பல வறிய நாடுகளில் முப்பதுக்கும் குறைவானோரே பிழைக்கின்றனர். கடல் கொந்தளித்தால் வள்ளம் ஓடாத தீவிலிருந்து மகரகமவுக்குச் செல்லும் தூரமும் இக்கணக்கில் சேரும். இதை 'விதி' என்று எழுதும் கை, அறிந்தோ அறியாமலோ, பொறுப்பாளிகள் அனைவரையும் விடுதலை செய்கிறது. மறுபுறத்தில், சான்றில்லாமல் ஒரு பெயரைச் சுட்டிக் குற்றவாளி என்று முழங்கும் கை, நாளை சான்று கிடைக்கும்போது அதனை எவரும் நம்பாதபடி செய்துவிடுகிறது. மேலும், தன் கிணற்று நீரைக் கொடுத்த தாயையே குற்றவாளியாக்கிவிடும் அபாயமும் அதில் உண்டு.

இவ்விரண்டுக்கும் இடையில் எழுத்தாளன் செய்யத்தக்கது உண்டு. எந்தக் கிணறு, எந்த ஆண்டு, தோட்டத்தில் என்ன மருந்து, எவர் விற்றார், அடித்தவரின் உடுப்பை எவர் தோய்த்தார், வெறும் போத்தலில் பிறகு என்ன ஊற்றப்பட்டது, பாடசாலை வளவில் எந்த நாளில் பொலித்தீன் எரிகிறது என்பனவற்றை அவன் பார்த்து எழுதலாம். காசர்கோட்டு வைத்தியரின் குறிப்பேடு செய்ததும் அதுவே. ஆசிரியராகிய நாம் மாணவரைக் கொண்டு கிணறுகளைக் கணக்கெடுக்கலாம். நீரைப் பரிசோதிக்குமாறு பிரதேச சபையையும் சுகாதாரப் பகுதியையும் எழுத்தில் கேட்கலாம். வந்த பதிலையும் வராத பதிலையும் பதிந்து வைக்கலாம். இலக்கியத்துக்கு இது புறம்பான வேலையன்று. யதார்த்தவாதம் தனக்கு வேண்டிய யதார்த்தத்தைத் திரட்டும் வேலை.

அந்தப் பத்தாவது கதைக்குத் திரும்புவோம். அதனை எழுதிய மாணவிக்கு வைத்தியரின் விடை தெரியாது. ஆகவே அவள் எழுதவில்லை. அவள் அறிந்தது, ஒரு தாய் போத்தலைச் சுமந்து கடல் கடந்தாள் என்பது. விடை தெரியாத இடத்தில் விதியையும் வைக்கவில்லை, வில்லனையும் வைக்கவில்லை. வினாவை மேசைமீது வைத்துவிட்டு ஒதுங்கினாள். பயிற்சி பெற்ற நடுவர்களாகிய நாம் முடிவைக் கேட்டோம். முடிவு சொல்ல வேண்டியவர் அம்மாணவி அல்லள் என்பது அன்று எமக்குத் தோன்றவில்லை. முதற்பரிசு பெற்ற கதையில் குழந்தை நட்சத்திரமாகி வானத்திலிருந்து தாயைப் பார்த்தது. அதற்கு நாம் எழுபத்தெட்டுப் புள்ளி இட்டோம்.

தீர்ப்பை மாற்றும் அதிகாரம் இனி எமக்கு இல்லை. அக்கதையின் பிரதியொன்றை மாணவியிடம் கேட்டு வாங்கி, மேல்வகுப்பில் வாசித்துக் காட்டினேன். வாசித்து முடிந்ததும் பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "சேர், எங்கட பள்ளிக்கூடக் கிணத்துத் தண்ணியை ஆரும் பார்த்தவையோ?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. கேட்டு எழுதியிருக்கிறோம்.